நின்றார், கேட்டார், போனார்

மார்ச் 3, செவ்வாய்

மதியம் வாலு வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "அப்பா, மொட்டை மாடி சாவி எங்க? வீட்ல சாக்பீஸ் இருக்கா?" என்றாள். முப்பத்தாறு வயதாகிறது. ஐந்து வயதில் கேட்ட அதே குரல்.

தேர்வுத் தேதி வந்துவிட்டதாம். இருபத்து நான்காம் தேதி. ஒன்பது வருடம் வலது இருக்கையில் துணை விமானியாக இருந்தவள். சில மாதங்களாக இடது இருக்கையில் பயிற்சி. மிச்சமிருப்பது இந்த ஒன்றுதான்: நிஜப் பயணிகளோடு ஒரு நிஜப் பயணம், முதுகுக்குப் பின்னால் பரிசோதகர். தேறினால் கேப்டன். இல்லையென்றால் பழைய இருக்கைக்கே திரும்ப வேண்டும். அடுத்த வாய்ப்பு எப்போது என்று யாரும் உறுதி தர மாட்டார்கள்.

எதற்குப் பயப்படுகிறாய் என்று கேட்டேன். புயலா, எஞ்சின் கோளாறா?

"தரையில ஓட்டுறதுக்குப்பா."

கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. அவள் ஓட்டும் ரக விமானத்தில், தரையில் திருப்புவதற்கென்று கையடக்கமாக ஒரு சக்கரம் உண்டு. அது இடது இருக்கைக்காரருக்கு மட்டும்தான். ஒன்பது வருடம் மேகத்துக்கு மேலே ஓட்டியவள், பயணிகள் ஏறும் வாசலிலிருந்து ஓடுபாதை வரைக்கும் ஒரு தடவைகூட ஓட்டியதில்லை. இப்போதுதான் கற்கிறாள். இந்தத் தரை ஓட்டத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'டாக்ஸி'.

"இவ்ளோ படிச்சு, கடைசில டாக்ஸி ஓட்டப் போறாளா?" என்று சமையலறையிலிருந்து என் மனைவி கேட்டாள்.

மார்ச் 8, ஞாயிறு

மாடியில் விமான நிலையம் தயார். துணிக்கொடிக்குக் கீழே நீளமாக வெள்ளைக் கோடு, அதுதான் ஓடுபாதை. அதற்குப் போகும் கிளைப்பாதைகள் மஞ்சள். ஒவ்வொரு சந்திப்பிலும் ஓர் எழுத்து. ஓடுபாதையைத் தொடும் இடத்தில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. "இதைத் தாண்டணும்னா கன்ட்ரோல் டவர் வாயால அனுமதி வேணும்ப்பா. அனுமதியில்லாம மூக்கு நுழைஞ்சாலும் நுழைஞ்சதுதான். அங்க இன்னொருத்தன் முழு வேகத்துல வந்துட்டிருப்பான்."

நான் டவர். தண்ணீர்த் தொட்டி மேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் எழுதித் தந்த பாதைகளை வாசித்தேன். அவள் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, ஒரு பாத்திர மூடியைச் சக்கரம்போல் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். ஒவ்வொரு சந்திப்பிலும் எழுத்தை உரக்கச் சொன்னாள். பார்க்க வேடிக்கையாக இருந்தது. ஆனால் முகம் வேடிக்கையாக இல்லை.

நடுவில் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "போன வாரம் பல் வலின்னியே, சரியாயிடுச்சா?"

"இன்னும் லேசா இருக்கு. இந்த வாரம்..." என்றாள். நின்றாள். குனிந்து காலைப் பார்த்தாள். இரண்டு பாதமும் சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம்.

"அப்பா, நான் இப்ப செத்துட்டேன்" என்றாள் அமைதியாக. "பின்னாடி நூத்தம்பது பேரோட."

துணி உலர்த்திக்கொண்டிருந்த என் மனைவி கையிலிருந்த சட்டையை உதறினாள். முப்பது வருடம் அறுவைச் சிகிச்சை அறையில் நர்சாக இருந்தவள். "தியேட்டர்ல தையல் போடறதுக்கு முன்னாடி பஞ்சை எண்ணும்போது பெரிய டாக்டரே கேட்டாலும் நாங்க பதில் சொல்ல மாட்டோம். இவருக்கு எங்க அது புரியும்? குறுக்க கேக்கறதுக்குத்தானே இவருக்குச் சம்பளமே குடுத்தாங்க."

உண்மைதான். ஓய்வு பெறும்வரை நிருபர் வேலைதான் பார்த்தேன்.

மார்ச் 9, திங்கள்

கீழ் வீட்டுக்காரர் மாடியைப் பார்த்துவிட்டு, "வீட்ல யார் சார் பாண்டி ஆடறது?" என்று கேட்டார். கேப்டன் என்று சொல்ல வாய்வரை வந்தது. இன்னும் இல்லையே. அடக்கிக்கொண்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

இன்று எவ்வளவு கேட்டும் அவள் அசையவில்லை. "காஸ் சிலிண்டர் தீந்துடுச்சு" என்றேன். "உன் அம்மா மயக்கம் போட்டுட்டா" என்றுகூடச் சொன்னேன் (பக்கத்திலேயே நின்ற அவள் அம்மா ஒரு கிளிப்பை என்மேல் எறிந்தாள்). வாலு பாத்திர மூடியோடு நடந்துகொண்டே இருந்தாள். நிஜமாகவே அவசரம் என்றால், மூடியைக் கீழே வைத்துவிட்டு, "நின்னாச்சு. இப்ப சொல்லுங்க" என்பாள்.

அவர்களுக்கு ஒரு விதி இருக்கிறது. சக்கரம் உருளத் தொடங்கியதிலிருந்து குறிப்பிட்ட உயரத்தைத் தொடும்வரை, விமானம் ஓட்டத் தேவையில்லாத ஒரு சொல்கூட காக்பிட்டுக்குள் கூடாது. உள்ளே இருப்பவர்களும் பேசக்கூடாது, வெளியிலிருந்தும் கூப்பிடக்கூடாது. பயணிகள் பக்கத்துக் கேபினிலிருந்து போனில் 'தயார்' என்று ஒரு வார்த்தை வரும். அவ்வளவுதான்.

"வானத்துல வழி தப்பினா திருத்த நேரம் இருக்குப்பா. தரையிலதான் ஒரு திருப்பம் தப்பினா நேரா ஓடுபாதை. எல்லாரும் ஜன்னல் வழியா வேடிக்கை பாக்கற நேரம் அது. எங்களுக்குத்தான் அப்போ வேலை ஜாஸ்தி" என்றாள்.

"அப்போ இடம் எதுன்னு சந்தேகம் வந்தா?"

"நின்னுடணும். கேக்கணும். ஆனா எல்லா பைலட்டும் அதே ரேடியோவுலதான் இருப்பாங்க. எங்க இருக்கேன்னு தெரியலன்னு சொல்றதை அத்தனை பேரும் கேப்பாங்க." கையிலிருந்த பாத்திர மூடியைத் திருப்பிப் பார்த்தாள். "அதுக்குக் கூச்சப்பட்டுத்தான் நிறைய பேர் நிக்காம போயிடறாங்க."

பரிசோதகரைப் பற்றிக் கேட்டேன். பயிற்சிக்காரர்கள் எல்லோரும் அவரை உம்மணாமூஞ்சி என்றுதான் சொல்வார்களாம். முகத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

மார்ச் 20, வெள்ளி

டிக்கெட் வாங்கிவிட்டேன். இருபத்து நான்காம் தேதி, அவள் ஓட்டும் விமானம், மூன்றாவது வரிசை. வீட்டில் சொல்லவில்லை. ஊரில் பழைய சகா ஒருவருக்கு உடம்பு சரியில்லை, பார்க்கப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முப்பத்தெட்டு வருடம் ஊரார் பட்டமளிப்பையும் பதவியேற்பையும் முதல் வரிசையில் உட்கார்ந்து எழுதியவன். என் பெண்ணின் நாளில் நான் வீட்டில் உட்கார்ந்து கடிகாரம் பார்க்க வேண்டுமா?

மார்ச் 23, திங்கள்

வாலு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனாள். நான் வாயைத் திறக்கவில்லை. "அப்பாவுக்கு என்னம்மா, இவ்ளோ அமைதியா இருக்காரு?" என்று கேட்டாள்.

மார்ச் 24, செவ்வாய்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். பழக்கம்.

ஏறும்போது காக்பிட் கதவு திறந்திருந்தது. இடது இருக்கையில் அவள் பின்னல். பின்னால் மடக்கு இருக்கையில் நரைத்த தலை, அதுதான் உம்மணாமூஞ்சி. எங்கள் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு இருக்கைக்குப் போனேன். இத்தனை வருடத்தில் அந்தப் பத்திரிகை எனக்கு நேரடியாக உதவியது இதுதான்.

தண்ணீர் கொண்டுவந்த பணிப்பெண்ணிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "கேப்டன் என் பொண்ணும்மா. இன்னைக்கு அவளுக்குப் பெரிய நாள். நான் இருக்கேன்னு இறங்கினப்புறம் சொல்லுங்க, அதுவரைக்கும் வேண்டாம்." அந்தப் பெண்ணுக்குக் கண் மலர்ந்துவிட்டது. "எங்களுக்கே பெருமையா இருக்கு சார்."

விமானம் நகர்ந்தது. வெளியே தூறல், ஈரத் தரையில் வெயில் பட்டுக் கண் கூசியது. போகும் வழியில் ஓடுபாதையை மாற்றியிருக்கிறார்கள் போல. முதலில் வலப்புறம் திரும்பிய நாங்கள் பிறகு இடப்புறம் திரும்பினோம். முன்கதவருகே அந்தப் பணிப்பெண் போனை எடுத்துப் பேசினாள். பேசிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சற்று தூரம் போயிருப்போம். விமானம் நின்றது. தயங்கித் தயங்கி நிற்கவில்லை. ஒரே சீராக வேகம் குறைந்து நின்றது.

ஒலிபெருக்கியில் அவள் குரல்: "கேப்டன் பேசுகிறேன். நாம் நிற்கும் இடத்தை ஒருமுறை உறுதிசெய்துகொண்டு புறப்படுவோம். சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்."

பக்கத்தில் இருந்தவர், கைப்பெட்டியை மடியிலிருந்து இறக்கவே இறக்காத ஒரு வியாபாரி, என் பக்கம் சாய்ந்தார். "வழி தெரியலையாம் சார். லேடி ஓட்டுது, அதான்."

பின் வரிசையில் ஒருவர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார். "இங்கயே தெரியல, மேல போய் எப்படிப் போவாங்களாம்?" என்று படத்துக்கு வர்ணனை வேறு. சிலர் சிரித்தார்கள்.

எனக்குக் காது சுட்டது. ஆனால் அது வெட்கமில்லை. என் வேலையில் மேடையிலும் நாற்காலியிலும் எத்தனை பேர் பேசக் கேட்டிருக்கிறேன். தப்பு வழியில் போய்க்கொண்டிருந்தவர்கள்கூட ஒரு நிமிடம் நின்று 'எனக்கு உறுதியாகத் தெரியவில்லை' என்று சொன்னதில்லை. இவள் சொன்னாள். முதுகில் பரிசோதகர், காதில் ஊரிலுள்ள அத்தனை விமானிகள், பின்னால் நாங்கள். அப்படியும் சொன்னாள்.

"தெரியலன்னா நின்னு கேக்கறது நல்லதுதானே" என்றேன் வியாபாரியிடம். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் விவரமில்லாதவன் ஆகிவிட்டேன். இருக்கட்டும்.

பிறகு புறப்பட்டோம். இறங்கியது தெரியவே இல்லை, அவ்வளவு பூப்போல.

கடைசி ஆளாக இறங்கினேன். காக்பிட் வாசலில் நின்று வழியனுப்பிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "நன்றி சார், பயணம் நல்லா இருந்துதா?" என்றாள். துளி ஆச்சரியம் இல்லை. அவள் பின்னால் உம்மணாமூஞ்சி, பெயருக்கேற்ற முகத்தோடு. நானும் "நல்லா இருந்துதும்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

முடிவு இன்னும் தெரியாது.

மார்ச் 25, புதன்

அந்தப் படம் பரவிவிட்டது. விமான நிறுவனம் நடந்ததற்கு விளக்கம் கேட்டிருக்கிறது. அது முடியும்வரை தேர்வு முடிவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வாலு போனில் இரண்டே வரியில் சொன்னாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதிகச் சாதாரணமாக.

என் பழைய பத்திரிகையின் செய்தி ஆசிரியர் கூப்பிட்டார். அலுவலகத்தில் எல்லோரும் அவரை டெட்லைன் என்போம்.

"அண்ணே, 'ஓடுபாதையில் வழி தெரியாமல் நின்ற விமானம்'னு தலைப்பு வச்சிருக்கேன். உங்க பொண்ணு பைலட்டாச்சே, ரெண்டு வரி கேட்டுச் சொல்லுங்க."

"ஓடுபாதையில நிக்கலப்பா. ஓடுபாதைக்குப் போற கிளைப்பாதையில, கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னுது. அதுல நின்னா செய்தி, இதுல நின்னா விதி. தலைப்பை மாத்து."

"எப்படிண்ணே இவ்ளோ தெளிவா?"

"நான் உள்ள இருந்தேன். ஓட்டினது என் பொண்ணு. அதனால என் வார்த்தை ஒண்ணுகூட போடாத. டவர்ல கேட்டுட்டுப் போடு."

"நம்ம வாலுவா?" என்றார். பிறகு, "கேட்டுட்டே போடறேண்ணே."

மார்ச் 26, வியாழன்

ஆறாம் பக்கம், சின்னதாக. டவரிலிருந்து ஒரு வரி: விமானம் செல்ல வேண்டிய பாதையில்தான் நின்றது, விமானி கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறாள். அப்படியென்றால் ஏன் சந்தேகம் வந்தது? வாலுவுக்கு?

மார்ச் 27, வெள்ளி

காலையிலிருந்து இதையே திருப்பித் திருப்பி யோசித்தேன். என்ன, எப்போது, எதற்குப் பிறகு எது. செவ்வாய்க்கிழமை எழுதியதை எடுத்துப் படித்தேன். போனை எடுத்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். விமானம் நின்றது. இறங்கும்போது வாலு முகத்தில் ஆச்சரியம் இல்லை.

எல்லாம் நானே எழுதி வைத்திருக்கிறேன். படிக்கத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

என் மனைவியிடம் சொன்னேன்—பழைய சகா, உடம்பு சரியில்லாதது, எல்லாம் பொய் என்பதையும் சேர்த்து. கேட்டுக்கொண்டே வெண்டைக்காய் நறுக்கினாள். முடித்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஆபரேஷன் நடக்கற ரூமுக்குள்ள போய் கை தட்டிட்டு வந்திருக்கீங்க."

வெண்டைக்காயை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 29, ஞாயிறு

வாலு வந்தாள். உட்காரக்கூட விடவில்லை, கேட்டுவிட்டேன். "அந்தப் பொண்ணு போன்ல என்ன சொன்னா?"

"யாருப்பா சொன்னாங்க?"

"நானே கண்டுபிடிச்சேன்."

"ரிப்போர்ட்டர் இல்லையா" என்று சிரித்தாள். பிறகு சொன்னாள். 'கேபின் தயார்' என்றதோடு வைத்திருக்க வேண்டிய பெண், 'மேடம், உங்க அப்பா மூணாவது வரிசைல இருக்காரு' என்றிருக்கிறாள். ஓடுபாதை மாறியதால் துணை விமானி குனிந்து புதிய விவரங்களைக் கணினியில் போட்டுக்கொண்டிருந்த நேரம். வெளியே பார்த்துக்கொண்டிருந்தது இவள் ஒருத்திதான்.

"ஒண்ணும் பெருசா யோசிக்கலப்பா. நீங்க எந்தச் சட்டை போட்டிருப்பீங்கன்னு தோணுச்சு. அவ்ளோதான். அதுக்குள்ள எழுத்துப் பலகை ஒண்ணு தாண்டிப் போயிடுச்சு. அதைப் பாத்தேனா பாக்கலையான்னு எனக்கே தெரியல. அதான் நிறுத்திட்டேன்."

நான் புலம்ப ஆரம்பித்தேன். நாசமாப் போச்சு, எல்லாம் என்னாலதான், என்னத்துக்குப் போனேன் நான்...

"இருங்கப்பா. அந்தப் பொண்ணு சந்தோஷத்துல சொன்னா. நீங்க சந்தோஷத்துல வந்தீங்க. யாராவது எதையாவது சொல்லிக்கிட்டேதான் இருப்பாங்க, இன்னைக்கு அப்பா, நாளைக்கு வேற. காதுல விழுந்தப்புறம் என்ன பண்றேங்கறதுதான் என் வேலை."

"பரிசோதகர் என்ன சொன்னாரு?"

"ஏன் நின்னீங்கன்னார். கவனம் சிதறிடுச்சு சார்னேன். எதனாலன்னு சொல்லட்டுமான்னேன். வேண்டாம், எனக்கும் காது கேக்கும்னார்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். நல்லதா கெட்டதான்னு அந்த மூஞ்சியை வச்சு யாருக்குத் தெரியும்?"

என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் இவள் விளக்கம் ஒரே வரியில் முடிந்திருக்கும். நிறுவனத்துக்குக் கொடுத்த விளக்கத்தில் என்னைப் பற்றி ஏதாவது எழுதினாயா என்று கேட்டேன். "கேபின் அழைப்பின்போது என் கவனம் சிதறியது. அப்படித்தான் எழுதினேன். உண்மை அதானே" என்றாள்.

இப்படி ஒரு பெண்ணை நானா வளர்த்தேன்? இல்லை. பாதிக்கு மேல் அந்த அறுவைச் சிகிச்சை அறையின் வேலை.

ஏப்ரல் 2, வியாழன்

தேறிவிட்டாள்.

பரிசோதகர் தன் அறிக்கையில் அந்த நிறுத்தத்தைப் பற்றி எழுதியதை வாலு போனில் படித்துக் காட்டினாள். "இடம் பற்றி ஐயம் ஏற்பட்டபோது நின்றார், கேட்டார், போனார். இதற்கு மேல் ஒரு கேப்டனிடம் நான் எதிர்பார்ப்பது இல்லை." விசாரணைக்கும் அதையே அனுப்பியிருக்கிறார். முடித்துவிட்டார்கள்.

மூன்று சொல். எத்தனையோ பத்தி எழுதியிருக்கிறேன், இப்படி ஒரு வரி எழுதியதில்லை. உம்மணாமூஞ்சி என்று இனி இந்த வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்றேன். "முதல்ல நீங்க நிறுத்துங்க" என்றாள் என் மனைவி. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஏப்ரல் 3, வெள்ளி

கீழ் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். பேப்பர் கடையில். மருந்துக் கடையில். லிஃப்ட் பழுதுபார்க்க வந்தவரிடமும்.

ஏப்ரல் 19, ஞாயிறு

மழை பெய்து மாடியில் விமான நிலையம் அழிந்துவிட்டது. சிவப்புக் கோடு மட்டும் மங்கலாகத் தெரிகிறது.

மே 16, சனி

வாலு கூப்பிட்டுத்தான் போனோம். அவளே இருக்கை எண்ணையும் சொன்னாள். மறுபடியும் மூன்றாவது வரிசை, இந்தத் தடவை அவள் அம்மாவோடு.

கதவு மூடுவதற்கு முன்பு காக்பிட்டிலிருந்து வெளியே வந்தாள். தோளில் கேப்டனுக்குரிய நான்கு பட்டை. நேராக எங்களிடம் வந்து நின்றாள்.

"அம்மா, பெல்ட்டைக் கொஞ்சம் இறுக்குங்க." பிறகு என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். "நீலச் சட்டை. சரி, பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விமானம் நகர்ந்தது. ஜன்னலோரத்தில் ஓர் அம்மாள், பேச்சுத்துணைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தவர். "இப்ப வந்துட்டுப் போனது யாருங்க, உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. வெளியே பார்த்தேன். ஒரு பலகை போயிற்று, இன்னொரு பலகை. நான் பேசினால் அவளுக்குக் கேட்காது, தெரியும். இருந்தாலும்.

"மேல போனதும் சொல்றேங்க" என்றேன்.

ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். என் மனைவி என் கைமேல் கை வைத்தாள். கோடு வந்தது. விமானம் நின்றது. எங்கள் முன்னால் ஒன்று இறங்கி ஓடி மறைந்தது. பிறகு திரும்பினோம், ஓடினோம், எழும்பினோம். மேகம் கீழே போய்விட்டது. மணி ஒலித்துப் பணிப்பெண்கள் எழுந்து நடமாட ஆரம்பித்தார்கள்.

தொண்டையைச் செருமிக்கொண்டு அந்த அம்மாள் பக்கம் திரும்பினேன்.

"ஓட்டறது எங்க பொண்ணுங்க" என்று என் மனைவி எனக்கு முன்னால் சாய்ந்து சொல்லிவிட்டாள்.

முப்பத்தெட்டு வருட அனுபவம். என் வாழ்நாளின் மிகப் பெரிய செய்தியை இன்னொருத்தர் முந்திக்கொண்டுவிட்டார்.